சிங்கிள் கோட் படுத்திய பாடு

கீபோர்டில் என்டர் பொத்தானுக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் குறி இருக்கும். ' இதுதான். தமிழ்ல ஒற்றை மேற்கோள் குறி, பொட்டி தட்டுறவங்க பாஷையில சிங்கிள் கோட். பார்க்க எறும்பு மாதிரி இருக்கிற இது, பிஹெச்பி எழுதின ஜனங்களைப் பத்துப் பதினைஞ்சு வருஷம் படுத்தின பாடு இருக்கே, அது தனிப் புராணம். அவங்களைக் காப்பாத்தறேன்னு ஒரு வசதி வந்தது. இந்தப் பதிவோட கதாநாயகன் அதுதான். வில்லனும் அதேதான். பேரு மேஜிக் கோட்ஸ்.

நிரல் எழுதாதவங்களும் தைரியமா படிக்கலாம். கோடு எதுவும் போடப் போறதில்லை :-)

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடுவோம். டேட்டாபேஸோட பேசற மொழி எஸ்க்யூஎல். ஐபிஎம்மில் இருந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் 'சீக்வெல்' என்ற பெயரில் இதை வெளியிட்டார்கள். பிறகு பெயர் சுருங்கி எஸ்க்யூஎல் ஆனது. இந்த மொழியில் பெயர், ஊர் மாதிரி எழுத்தாக வரும் எதையும் சிங்கிள் கோட்டுக்குள் அடைக்க வேண்டும். தமிழில் சொல்வதானால் இப்படி:

பெயர் = 'முருகன்' என்று உள்ள வரியைக் கொடு

முருகனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் போங்க. போர்த்துகீசியர் காலத்திலிருந்து வரும் குடும்பப் பெயர்கள் அங்கே சகஜம். தமிழில் எழுதும்போது டி குரூஸ் என்று எழுதிவிடுவோம். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் அந்த எறும்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அயர்லாந்துக்காரர்களில் ஓ'பிரையன், ஓ'கானர் என்று பாதிப் பேர் இந்த ஜாதிதான். இப்போ அதே வரியைப் பாருங்க:

பெயர் = 'டி'குரூஸ்' என்று உள்ள வரியைக் கொடு

டேட்டாபேஸைப் பொறுத்தவரை பெயர் 'டி' என்பதோடு முடிந்துவிட்டது. மிச்சம் இருக்கிற 'குரூஸ்' அதுக்கு ஒரு கட்டளை. அப்படி ஒரு கட்டளையே இல்லாததால் எர்ரர் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இது அப்பாவி கேஸ். விவகாரமான ஆசாமி பெயர் கேட்கிற கட்டத்தில் ' அல்லது 'அ' = 'அ என்று அடித்தால் என்ன ஆகும்?

பெயர் = '' அல்லது 'அ' = 'அ' என்று உள்ள வரியைக் கொடு

அ எப்பவும் அ-வுக்குச் சமம்தானே! அத்தனை வரியும் வந்து கொட்டும். பெயராக வந்தது கட்டளையாகிவிட்டது. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று சொல்றாங்களே, அதன் வேர் இவ்வளவுதான்.

உள்ளே வருகிற சிங்கிள் கோட்டை 'இது கோட் இல்லை, சும்மா எழுத்து' என்று டேட்டாபேஸுக்குச் சொல்ல இரண்டு வழி உண்டு. எஸ்க்யூஎல் தரப்படி அதை இரட்டிப்பாக எழுதவேண்டும். மைஎஸ்க்யூஎல் கூடுதலாக இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ளும்: முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ். டி\'குரூஸ் என்பது மாதிரி. இதற்குத்தான் எஸ்கேப் பண்ணுவது என்று பெயர்.

பேக்ஸ்லாஷுக்கு ஒரு கிளைக்கதை இருக்கு. அது எஸ்கேப் வேலைக்கென்று பிறந்ததே இல்லை. 1961-ல் பாப் பெமர் என்ற ஐபிஎம்காரர் இதை ஆஸ்கி எழுத்துத் தொகுதிக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். ஆல்கால் மொழியில் 'மற்றும்', 'அல்லது' இரண்டுக்கும் கூரை மாதிரியும் பள்ளம் மாதிரியும் குறிகள் வேண்டும். /\ என்றும் \/ என்றும் இரண்டு சாய்கோட்டைச் சேர்த்து எழுதிவிடலாம் என்பது அவர் கணக்கு. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில்கூட எஸ்கேப் வேலையைப் பார்த்தது நட்சத்திரக் குறி. டென்னிஸ் ரிட்சியின் சி மொழியில்தான் பேக்ஸ்லாஷுக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

சரி, பிஹெச்பிக்கு வருவோம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட சின்னக் கருவிப்பெட்டி அது. அதன் இரண்டாம் பதிப்பில் (1997) ஒரு வசதி சேர்ந்தது. அந்த நாளில் எம்எஸ்க்யூஎல் என்று ஒரு குட்டி டேட்டாபேஸ் உண்டு. (எம் என்றால் மைக்ரோசாஃப்ட் இல்லைங்க, மினி.) படிவத்தில் வருவதை அப்படியே அதற்குள் தள்ளச் சௌகரியமாக, சிங்கிள் கோட்டுக்கு மட்டும் தானாகவே பேக்ஸ்லாஷ் போட்டுக் கொடுக்கும். 1998-ல் வந்த பிஹெச்பி 3-ல் இதன் எல்லை விரிந்தது. சிங்கிள் கோட், டபுள் கோட், பேக்ஸ்லாஷ், சூனிய பைட் என்று நாலுக்கும் பேக்ஸ்லாஷ். முகவரி வழியாக, படிவம் வழியாக, குக்கி வழியாக எது வந்தாலும் நிரலின் கைக்கு எட்டும் முன்பே போட்டுவிடும். சொல்லாமலே நடப்பதால்தான் மேஜிக்.

நோக்கத்தில் தப்பே சொல்ல முடியாது. முதல்முதலாக வெப்சைட் போடுகிற காலேஜ் பையன், எஸ்க்யூஎல் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவன், அவன் தளம் உடையாமல் இருக்கட்டுமே என்கிற நல்ல மனசுதான். உண்மையில் லட்சக்கணக்கான ஓட்டைத் தளங்களை அது காப்பாற்றியும் இருக்கும். இதை ஒத்துக்கொள்ளாமல் மேஜிக் கோட்ஸைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனா அது வேலை பார்த்த இடம் தப்பு. வாசலிலேயே எல்லாரையும் பிடித்து ரெயின்கோட் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? மழையில் போகிறவனுக்குச் சரி, சமையல்கட்டுக்குப் போகிறவனுக்கு எதுக்கு? படிவத்தில் வருவதெல்லாம் டேட்டாபேஸுக்கா போகுது? சிலது மின்னஞ்சலாகப் போகும், சிலது ஃபைலுக்குள் போகும், சிலது 'சரியா இருக்கா பாருங்க' என்று திரையிலேயே திரும்பி வரும். டேட்டாபேஸுக்குள் போனால்தான் அந்த பேக்ஸ்லாஷ் கழன்று விழும். மற்ற எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். 2000-களில் ஆங்கில கெஸ்ட்புக்குகள் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கோட் வருகிற ஒவ்வொரு சொல்லிலும் ஒரு சாய்கோடு குத்திக்கொண்டு நிற்கும்.

இதோடு விட்டதா? விவரம் தெரிந்தவர் தன் பங்குக்குத் தானும் ஒருதரம் எஸ்கேப் பண்ணுவார். மேஜிக் ஒன்று, கையால் ஒன்று. டேட்டாபேஸ் ஒரு அடுக்கைத்தான் கழட்டும், இன்னொன்று உள்ளேயே தங்கிவிடும். அதைத் திருத்தத் திறந்து மறுபடி சேமித்தால், பேக்ஸ்லாஷும் எஸ்கேப் ஆகும் இல்லையா, ஒன்று மூன்றாகும். அடுத்த முறை ஏழு. அப்புறம் பதினைந்து. பழைய தளம் ஒன்றைப் புது சர்வருக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை ஒருதரம் என்னிடம் வந்தது. அதில் ஒரு வாடிக்கையாளர் பெயரில் பெயரை விடச் சாய்கோடு அதிகம். வருஷாவருஷம் அவர் முகவரியைத் திருத்தியிருக்கிறார், எண்ணினால் எத்தனை தடவை என்றே சொல்லிவிடலாம் போலிருந்தது. மரத்துக்கு வளையம் மாதிரி!

இதைவிடப் பெரிய தலைவலி, இந்த மேஜிக்கை சர்வருக்கு சர்வர் ஆன், ஆஃப் பண்ணலாம் என்பது. பெரும்பாலும் ஆன். சில இடத்தில் ஆஃப். உங்க நிரல் எங்கே போய் ஓடப்போகுதுன்னு உங்களுக்கே தெரியாது. ஆனில் இருக்கும் என்று நம்பி எழுதியது ஆஃப் சர்வருக்குப் போனால் கதவு திறந்த வீடு. ஆஃப் என்று நம்பி எழுதியது ஆனுக்குப் போனால் சாய்கோட்டு மழை. அதனால் ஒவ்வொரு நிரலும் ஆரம்பத்திலேயே 'ஐயா மேஜிக் இருக்கீங்களா?' என்று விசாரித்துவிட்டு, இருந்தால் போட்டதையெல்லாம் கழட்டிவிட்டு, பிறகு வேண்டிய இடத்தில் மறுபடி போட்டுக்கொள்ளும். போடுவது ஒருத்தர், அதை எடுக்கிறதுக்கே ஒருத்தர்.

இத்தனைக்கும் அது முழுப் பாதுகாப்பும் இல்லை. எண்களைக் கோட்டுக்குள் வைக்கத் தேவையில்லை. 'எண் = 5' என்கிற இடத்தில் ஒருத்தர் 5 அல்லது 1 = 1 என்று அனுப்பினால் அதில் கோட்டும் இல்லை, சாய்கோடும் இல்லை. மேஜிக் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

இந்தத் தாக்குதல் ரகசியமும் இல்லை. 1998 டிசம்பரில் ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழின் 54-வது வெளியீட்டில், ரெயின் ஃபாரஸ்ட் பப்பி என்ற புனைபெயர்க்காரர் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரை வைத்து இதை விளக்கி எழுதிவிட்டார். இது ஒரு பிரச்சினையே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் நினைப்பதாகவும் அதிலேயே கிண்டலாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கம்ப்யூட்டருக்கு சிங்கிள் கோட் என்பது 39 என்ற எண், பேக்ஸ்லாஷ் 92. ஜப்பானியரின் ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் ஒரு எழுத்துக்குப் பல சமயம் இரண்டு எண். அந்த இரண்டாவது எண் 92 ஆகவும் வரலாம். அப்படிப்பட்ட ஒரு எழுத்து 149, 92. அட்டவணை என்று அதற்கு ஒரு பொருள் உண்டு. டேட்டாபேஸில் எதை வைத்துக் கும்மியடிக்கிறோமோ அதே அட்டவணை! அதன் பாதியை பேக்ஸ்லாஷ் என்று நினைத்து மேஜிக் இன்னொரு பேக்ஸ்லாஷைச் செருகிவிடும். இந்த மாதிரி எழுத்துகளை ஜப்பானிய நிரலாளர்கள் 'தாமெ மோஜி' என்பார்கள். உருப்படாத எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

சீனர்களின் ஜிபிகே முறையில் விஷயம் இன்னும் மோசம். 2006-ல் கிறிஸ் ஷிஃப்லெட் இதை விளக்கி எழுதினார். ஒருவர் வேண்டுமென்றே 191, 39 என்று அனுப்புகிறார். கோட்டைப் பார்த்த எஸ்கேப் ஃபங்ஷன் நடுவில் 92-ஐப் போடுகிறது. இப்போது 191, 92, 39. ஜிபிகேயில் 191-ம் 92-ம் சேர்ந்தால் ஒரு நல்ல சீன எழுத்து. பேக்ஸ்லாஷ் அதற்குள் கரைந்துபோய், 39 சுதந்திரமாக நிற்கிறது. காவலுக்குப் போட்ட ஆளே திருடனோடு கூட்டுச் சேர்ந்த கதை.

நம்ம தமிழ் இதில் தப்பித்தது யூடிஎஃப்-8 புண்ணியத்தில். 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அதை வடிவமைத்தபோது, பல எண் சேர்ந்து ஒரு எழுத்தாகும் இடத்தில் ஒவ்வொரு எண்ணும் 128 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும் என்று வைத்துவிட்டார்கள். 'அ' என்றால் 224, 174, 133. இதில் 39 வராது, 92-ம் வராது.

உண்மையான தீர்வு எஸ்கேப்பில் இல்லை. கட்டளையை ஒரு கவரிலும் பெயரை இன்னொரு கவரிலும் அனுப்புவதுதான். 'பெயர் = ? என்று உள்ள வரியைக் கொடு' என்று முதலில் சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்குறிக்கான மதிப்பைத் தனியாகக் கொடுப்பது. டி'குரூஸ் எத்தனை கோட் வைத்திருந்தாலும் அது கட்டளையாக மாறாது. இதில் புதுமை ஒன்றுமில்லை. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் காலத்திலேயே கோபால் நிரலின் வேரியபிளை எஸ்க்யூஎல்லுக்குத் தனியாகக் கொடுக்க முடிந்தது. ஜாவாவில் 1997-லேயே உண்டு. பிஹெச்பி + மைஎஸ்க்யூஎல் ஜோடிக்கு இது ஒழுங்காகக் கிடைத்தது 2004-ல், மைஎஸ்க்யூஎல்ஐ என்ற புது நீட்சியோடு. அதற்குள் மேஜிக் இருக்கப் பயமேன் என்று ஒரு தலைமுறையே எழுதிப் பழகிவிட்டது. புத்தகங்களும் அப்படியே, டுடோரியல்களும் அப்படியே. மேஜிக் கோட்ஸ் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். சாய்கோட்டை மன்னிச்சுடலாம், கத்துக்க விடாமப் பண்ணியதை மன்னிக்க முடியலை.

2009-ல் பிஹெச்பி 5.3 அதை 'இனி பயன்படுத்தாதீர்' பட்டியலில் போட்டது. 2012 மார்ச்சில் 5.4-ல் தூக்கியே விட்டார்கள். 'மேஜிக் இருக்கீங்களா?' என்று விசாரிக்கும் ஃபங்ஷன் மட்டும் இல்லை என்றே பதில் சொல்லிக்கொண்டு 2020-ல் பிஹெச்பி 8 வரும்வரை உயிரோடு இருந்தது.

வியாதி போகவில்லை. 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போனது இதே வழியில்தான். நாலு லட்சம் பவுண்டு அபராதம். 2025 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தன் எஸ்கேப் ஃபங்ஷன்களையே அவசரமாகத் திருத்தியது. காரணம், அரைகுறையாக வந்த யூடிஎஃப்-8 எண்களுக்குப் பின்னால் ஒளிந்த சிங்கிள் கோட். சீன எழுத்து போட்ட வேஷத்தையே இங்கே உடைந்த எழுத்து போட்டிருக்கிறது.

செத்துப்போன மேஜிக் ஒரு இடத்தில் மட்டும் ஆவியாக உலாத்துகிறது. வேர்ட்பிரஸ்! பழைய தீம், ப்ளக்இன் எல்லாம் சாய்கோடு இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. அதனால் பிஹெச்பி நிறுத்தினாலும் வேர்ட்பிரஸ் தானே அதைப் போட்டுக்கொள்கிறது. அதற்கென்று இருக்கும் ஃபங்ஷன் பெயரிலேயே மேஜிக் கோட்ஸ் உண்டு. பதிவைச் சேமிக்கும் ஃபங்ஷன் சாய்கோட்டைக் கழட்டிவிட்டுத்தான் டேட்டாபேஸில் எழுதும். புது எடிட்டர் வழியாக வரும் பதிவில் சாய்கோடே கிடையாது. என்ன பண்ணுவாங்க? கழட்டுவதற்கு ஏதாவது இருக்கணுமே என்று முதலில் போட்டுவிட்டு அனுப்புகிறார்கள், அது வாங்கிக் கழட்டிக்கொள்கிறது :-)

யாருக்காவது ஏழு சாய்கோட்டுக்கு மேல் பார்த்த அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.