வாகனத்துக்கு அடியில் கேட்கும் ‘டக்’: ஜொயின்ட் குரொஸின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் வேன், லொறி, ஜீப் வைத்திருப்பவர்களும், அதில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புபவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும்போது டிரைவர் கியர் மாற்றி கிளட்ச்சை விடும் நேரம் அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பழைய வாகனம் என்றால் பலரும் அதைக் கணக்கெடுப்பதில்லை. பெரும்பாலும் அது யுனிவர்சல் ஜொயின்ட், அதாவது குரொஸ், தேய்ந்துவிட்ட சத்தம். உள்ளங்கையில் வைக்கக்கூடிய ஒரு சாமான். ஆனால் அதன் பின்னால் நானூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

எஞ்சின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். பள்ளத்தில் விழும்போது பின் அக்ஸில் மேலும் கீழும் ஆடும். இடையில் சுழலும் ஷாஃப்ட் நேர்க்கம்பியாக இருந்தால் வளைந்துவிடும். எனவே சுழற்சியையும் கொடுக்க வேண்டும், கோணத்துக்கும் இடம் விட வேண்டும். இரண்டு கவைகளுக்கு நடுவே சிலுவை வடிவில் ஓர் இரும்பு வைத்தால் இரண்டும் நடக்கும்.

இத்தாலிய அறிஞர் ஜெரோலாமோ கார்டானோ 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த மாதிரித் தொங்கும் வளையங்களைப் பற்றி எழுதினார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இன்றும் இந்த ஷாஃப்டுக்கு அவர் பெயர்தான். ‘யுனிவர்சல் ஜொயின்ட்’ என்ற பெயரோடு 1676இல் விளக்கியவர் இங்கிலாந்தின் ரொபர்ட் ஹூக். அவருக்கு மோட்டார் வாகனம் தெரியாது. சூரியனைப் பார்க்கும் கருவிகளுக்கும் சூரியக் கடிகாரத்துக்கும்தான் இதைப் பயன்படுத்த நினைத்தார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கோணத்தில் வேலை செய்யும்போது இந்த ஜொயின்ட் சீராகச் சுழலாது. ஒரு பக்கம் நிமிடத்துக்கு 1000 சுற்று சீராகப் போனாலும், 30 பாகைக் கோணத்தில் மறுபக்கத்தின் வேகம் 866க்கும் 1155க்கும் இடையே ஏறி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இது இரண்டு தடவை நடக்கும். (சாதாரண தர மாணவர்களே, 30 பாகையின் கோசைன் 0.866. கணித பாடம் எங்கே உதவும் என்று கேட்டீர்களே!) அதனால்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஜொயின்ட் வைக்கிறார்கள். முதலாவது கெடுத்ததை இரண்டாவது சரி செய்யும். ஷாஃப்டில் உள்ள இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால் மட்டுமே அது நடக்கும். கழற்றும்போது அடையாளம் போடாமல் மாற்றிப் பூட்டினால் வாகனம் நடுங்குவது இதனால்தான்.

அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் இதற்கு உரிமம் பெற்று, அடுத்த வருடமே தயாரிக்கத் தொடங்கினார். அதுவரை பல கார்களைச் செயின்தான் இழுத்தது. அவர் பெயர் இங்கிலாந்தின் ‘ஹார்டி ஸ்பைசர்’ என்ற முத்திரையிலும் சேர்ந்தது. பிரித்தானிய வாகனங்கள் வழியாக அது நமது தோட்டத்து கராஜ்களுக்கும் வந்தது.

இனி நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கதை.

1959இல் இங்கிலாந்தில் ட்ரயம்ப் ஹெரால்ட் என்ற கார் வெளிவந்தது. 1962இல் அதே அடிப்பாகத்தை வைத்து ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டிலும் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒவ்வொரு குரொஸ், அதிலிருந்து ஒவ்வொரு குட்டி ஷாஃப்ட், அதன் முனையில் சக்கரம். சாதாரணக் காரில் குரொஸின் வேலை சுழற்றுவது மட்டுமே. இந்தக் கார்களில் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. சாதாரணக் காரில் குரொஸ் உடைந்தால் வண்டி நின்றுவிடலாம். இதில் உடைந்தால் சக்கரமே மடிந்துவிடும். இன்றும் ஸ்பிட்பயர் வைத்திருப்பவர்கள் ‘டக்’ கேட்டால் உடனே ஜாக் அடிப்பது அதனால்தான்.

1961இல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஹெரால்டை இந்தியாவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. கார் அழகு, ஓட்டம் இலகு. ஆனால் இந்தியப் பாதைகளில் அந்தப் பின்பக்க அமைப்பு வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972இல் அதே காரை கெஸல் என்ற பெயரில் மாற்றி விட்டபோது, இரண்டு பக்கக் குரொஸையும் தூக்கிவிட்டு லொறிக்குப் போல ஒரே முழு அக்ஸிலைப் போட்டார்கள். என் பார்வையில் இது பொறியியல் தோல்வி மாத்திரம் அல்ல. பார்த்துப் பராமரிக்க ஆளும் சாமானும் இருக்கும் இடத்தில்தான் ஒரு கண்டுபிடிப்பு வாழும்.

நமது நாட்டுக் கதை வேறு விதம். 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை அந்த நிலைதான். மொரிஸ் மைனர், ஒஸ்டின், லாண்ட் ரோவர் என்று ஏற்கெனவே வந்தவற்றை வைத்துத்தான் ஓட வேண்டியிருந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின, துரைமார் மாறினார்கள். பாதையும் ஏற்றமும் மாறவில்லை. கொழுந்து வாகனம் நின்றால் தொழிற்சாலையும் நிற்கும். இல்லாத சாமானை வேறொன்றிலிருந்து எடுத்துக் கடைந்து பூட்டும் கலை நம் பாஸ்மாருக்கு அந்தக் காலத்தில்தான் கைவந்தது. பின்னர் 1990களில் காலியில் மொரிஸ் மைனருக்கான உடல் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். செய்த நாட்டுக்கே சாமான் அனுப்பும் அளவுக்கு இந்த நாட்டின் கைகள் தேர்ந்திருந்தன.

2020 மார்ச்சில் மறுபடி இறக்குமதி நின்றது. கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஆகவே நம் பாதைகளில் இன்று ஓடும் பலவும் வயதான வாகனங்களே. டொல்பின் வேனும் லொறியும் பின் சக்கரத்தில் இழுப்பவை. அவற்றின் அடியில் இதே குரொஸ்தான் இருக்கிறது.

பழைய லாண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின் குரொஸ் உடைந்தால் ஹேண்ட் பிரேக் இழுத்தும் பிரயோசனமில்லை. றோபேரிப் பக்கத்து இறக்கத்தில் அதன் அர்த்தம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஜொயின்டின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். கொஞ்சம் ஆடினாலும் குரொஸ் முடிந்தது. கப்பின் ஓரத்தில் சிவப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, துரு. மெதுவாக ஓடும்போது ‘கீச் கீச்’ என்றாலும் அதேதான்.

மாற்றும் வேலை தெரிந்த பாஸிடம் போகட்டும். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ஷாஃப்டில் அடையாளம் போடுகிறாரா? நான்கு கப்பிலும் மெல்லிய ஊசி ரோலர்கள் வட்டமாக நிற்கும். பூட்டும்போது ஓர் ஊசி சரிந்து அடியில் குறுக்கே விழுந்தால் கப் முழுதாக உள்ளே போகாது, சர்க்கிளிப்பும் உட்காராது. அந்த நேரம் சுத்தியலால் ஓங்கி அடிக்கக்கூடாது. திரும்பக் கழற்றி ஊசிகளை நிமிர்த்த வேண்டும். பூட்டி முடிந்ததும் குரொஸ் கையால் இலகுவாகத் திரும்ப வேண்டும். நிப்பிள் உள்ள ஜொயின்ட் என்றால் ஒவ்வொரு சேர்விஸிலும் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள்.

நம் மலைகளின் வரலாற்றில் துரைமார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, தோட்டங்களின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மழையில் வாகனத்துக்கு அடியில் படுத்து அவற்றை ஓட வைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் வாப்பா, அப்பா, தாத்தா, மாமா யாராவது அப்படி ஒரு கராஜில் வேலை செய்திருந்தால், என்ன வாகனம், எந்தத் தோட்டம், எந்தச் சாமானை எதிலிருந்து எடுத்துப் பூட்டினார்கள் என்று கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைப்போம்.

நாளைக் காலை பாடசாலை வேன் புறப்படும்போது ஒரு நிமிடம் காது கொடுங்கள். ‘டக்’ கேட்டால் டிரைவர் தம்பியிடம் அன்பாகச் சொல்லுங்கள்.