மெம்ஃபிஸ் மூணு சக்கர சைக்கிள்
1976-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல வில்லியம் எகிள்ஸ்டனோட கலர் படங்களை மாட்டினாங்க. ‘அங்க நடந்த முதல் கலர் கண்காட்சி’ன்னு இன்னிக்கும் சிலர் சொல்றாங்க. அது சரியில்ல, 1962-லேயே எர்ன்ஸ்ட் ஹாஸ் படங்களை அங்க வச்சிருந்தாங்க. ஆனா எகிள்ஸ்டன் காட்டியது மெம்ஃபிஸ் புறநகர்த் தெருவுல நிக்கிற குழந்தை சைக்கிள் மாதிரியான விஷயங்கள். வெறும் சலிப்புன்னு எழுதினார் விமர்சகர் ஹில்டன் கிராமர். கோபம் கலர் மேல மட்டுமில்ல, அந்த சைக்கிள் மேலயும்தான்.

பிரின்ட் போட்டதோ விளம்பரக்காரங்க அப்போ பயன்படுத்தின, செலவு பிடிக்கிற டை டிரான்ஸ்ஃபர் முறையில! இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

படத்தைப் பாருங்க. கேமரா தரையோட தரையா இருக்கு. சைக்கிள் வானம் வரைக்கும் எழும்புது. பின்னாடி வீடுகள் பொம்மையாகிடுது. ஹேண்டில்பாரோட துருநிறத்தை எடுத்துட்டா, என் கண்ணுக்குப் பாதிப் படம் போயிடும்.