வருஷம் ஆனால் மட்டும் விண்டேஜ் ஆகிவிடுமா?

'விண்டேஜ் காஞ்சிவரம்' என்று போட்டு ஆன்லைனில் விற்கிறார்களே, எத்தனை வருஷம் ஆனால் ஒரு புடவை விண்டேஜ் என்று இரண்டு மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். ஐயம்பேட்டைக்காரனிடம் புடவையைப் பற்றிக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

விண்டேஜ் என்பது திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல். எந்த வருஷத்துத் திராட்சை என்று ஒயின் புட்டியில் போடுவார்கள். அங்கிருந்து காருக்கும் துணிக்கும் பரவிவிட்டது. துணி வியாபாரத்தில் பொதுவாக 20 வருஷம் தாண்டினால் விண்டேஜ், 100 தாண்டினால் ஆன்டிக். இது வியாபார வழக்கம்தான், சட்டமில்லை. நம் நாட்டில் சட்டம் என்று இருப்பது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். அதற்கு 100 வருஷம் ஆக வேண்டும், சுவடிகளுக்கு மட்டும் 75.

வெறும் வருஷக் கணக்கு என்றால், 2000-இல் பவர்லூமில் ஓட்டிய பாலியஸ்டர் புடவையும் இன்றைக்கு விண்டேஜ்! யாராவது ஒப்புக்கொள்வார்களா? ஆக, வயசோடு இன்னொன்றும் வேண்டும். இன்றைக்கு வழக்கத்தில் இல்லாத, அல்லது அருகிப்போன ஒரு வேலை அந்தத் துணியில் தெரிய வேண்டும். என் கணக்கு அதுதான்.

காஞ்சிப் பட்டில் அது எங்கே தெரியும்? புடவையை உள்புறமாகத் திருப்புங்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பல் பல்லாகத் தெரிந்தால் அது கோர்வை. இரண்டு கரைக்கும் உடலுக்கும் தனித்தனியாக மூன்று நாடா. ஒருவரால் ஓட்ட முடியாது, பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள் பெரும்பாலும் ஒரு சிறுவன். வகுப்பில் உட்கார வேண்டியவன் தறியில் உட்கார்ந்திருப்பான். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, மெல்ல மெல்ல அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். கோர்வை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு வாத்தியாராக எனக்கு அதில் வருத்தமே கிடையாது. பழைய புடவையின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அடுத்தது முந்தி. உடலும் முந்தியும் வேறு வேறு நிறமென்றால், ஒரு பாவின் இழைகளை இன்னொரு பாவின் இழைகளோடு கையால் கோத்துச் சேர்ப்பார்கள். பெட்னி என்பார்கள். சேர்ந்த இடத்தில் ஒரு தடித்த பட்டை விரலுக்குத் தட்டுப்படும். இன்னும் பழையதென்றால், ஜக்கார்டு அட்டை வருவதற்கு முன்னால் அடை கட்டி, கயிறு இழுத்து எடுத்த டிசைன். ஒன்பது கஜ நீளமும் ஓர் அடையாளம். கூடவே நெய்த ரவிக்கைத் துண்டு இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

எம்.எஸ். ப்ளூவையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம். இன்றைக்கும் அந்த நிறத்தில் புடவை கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் போன மாதம் நெய்தது பழைய மோஸ்தர்தானே ஒழிய, பழைய புடவை ஆகாது.

இனி ஜரிகை. என் கவலையெல்லாம் இதில்தான். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். 57 சதவீதம் வெள்ளி, 0.6 சதவீதம் தங்கம் என்றிருந்த அளவு பிறகு 40, 0.5 என்று குறைந்தது. பழைய ஜரிகையில் வெள்ளி கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் "பழைய பட்டுப் புடவை வாங்குறது!" என்று தெருவில் குரல் கேட்கிறது. வாங்கிப்போய்ப் பட்டை எரிக்கிறார்கள். சாம்பலிலிருந்து வெள்ளியை உருக்கி எடுக்கிறார்கள். தராசுக்கு யாளியும் தெரியாது, ருத்ராட்சமும் தெரியாது.

இதில் உள்ள கொடுமையைப் பாருங்கள். எந்தப் புடவைக்கு ஜரிகை கனமோ, எதற்கு நெசவாளி அதிக நாள் உட்கார்ந்தாரோ, அதுதான் முதலில் உலைக்குப் போகிறது. தப்பிப் பிழைப்பது ஜரிகை குறைந்த சாதாரணப் புடவை. நாளைக்கு யாராவது காஞ்சிப் பட்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், நல்லதெல்லாம் போய் மிச்சம்தான் கையில் இருக்கும்.

1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் அங்கே நெசவுக்கூடமும் வைத்தார். பழைய புடவைகளைப் பார்த்து அகலக் கரையையும் கட்டங்களையும் திரும்ப நெய்ய வைத்தார். பார்ப்பதற்குப் பழைய புடவை இருந்ததால் அவரால் முடிந்தது.

விற்றே ஆக வேண்டிய கஷ்டம் எந்த வீட்டிலும் வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் முந்தி, கரை, உள்புறம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். யாருடைய கல்யாணம், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வைத்துக்கொள்கிறவர்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே கிழியும். அந்துருண்டை ஜரிகைமேல் படக் கூடாது.

1970-க்கு முந்தைய புடவை யாரிடமாவது இருந்தால் கமெண்டில் படம் போடுங்கள். உள்புறப் படமும் சேர்த்துப் போட்டால் கோர்வையா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.