தீட்டும் தொற்றும்

1897இல் பிளேக் புனேயை வாட்டியபோது வெள்ளைச் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்ததையும், அதிகாரி ராண்ட் சுடப்பட்டதையும் நாம் படித்திருக்கிறோம். மகர் சேரியில் நோயாளியைத் தொட்டுத் தூக்கியது யார் என்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

கொள்ளைநோயில் பணிசெய்யச் செவிலியர் தயங்கினால் அது உயிரச்சம், நியாயமானதுதான். இங்கோ அதற்கு முன்பே தீட்டு கைகளைக் கட்டிப்போட்டிருந்தது.

சாவித்ரிபாய் புலே செவிலியப் பயிற்சி பெற்றவரல்லர். 66 வயது ஆசிரியை. மருத்துவரான தத்துப்பிள்ளை யஷ்வந்தை வரவழைத்து, ஹடப்சர் பக்கம் சிகிச்சையிடம் திறந்தார். முண்ட்வா சேரியின் மகர் சிறுவனை முதுகில் சுமந்தே அங்கு கொண்டுவந்தார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். அவரை ‘முதல் ஆசிரியை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் பாடநூலோடு நமக்குச் சண்டை உண்டு. யஷ்வந்தையும் 1905இல் பிளேக்தான் கொண்டுபோனது.