கொடிமலை ஏறிய வழிகள்

பினாங்குத் தீவின் நடுவே, பினாங்கு மலை என்று அழைக்கப்படும் காடு போர்த்திய மலைக்கூட்டம் ஒன்று உண்டு. அதன் சிகரங்களில் உயர்ந்தது 833 மீட்டர் உயரமுள்ள மேற்கு மலை. மக்கள் ஏறிச்சென்று கடலைப் பார்ப்பது அதைவிடத் தாழ்ந்த, சுமார் 735 மீட்டர் உயரமுள்ள கொடிமலையிலிருந்து. கிழக்கே ஜார்ஜ் டவுன் நகரமும், தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் நீரிணையும், அப்பால் செபராங் பிறை கரையும் தெரியும். 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் தென்கிழக்கே கடலைக் கடந்து செல்லும். வானம் தெளிந்த நாளில் வடக்கே கெடாவின் ஜெராய் மலையும் புலப்படும். அம்மலையின் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கோடுதான் கடாரம் பெரிதும் தொடர்புபடுத்தப்படுகிறது. முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டு வாக்கில் தாக்கிய ஊர் கடாரம்.

1786இல் கேப்டன் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள்ளேயே மலைமீது குதிரை செல்லும் பாதை வெட்டப்பட்டது. லைட் அங்கே ஸ்ட்ராபெரி பயிரிட்டார் என்பதால் ஒரு முகட்டுக்கு ஸ்ட்ராபெரி ஹில் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. உதகமண்டலத்தில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் வீடு கட்டியது 1820களில். ஆங்கிலேயர் ஆசியாவில் கண்ட மலைவாசத் தலங்களில் பினாங்கு மலை அதற்கு முந்தியது.

மலைமேல் அவர்கள் தேடியது முதலில் காட்சியல்ல, உடல்நலம். தாழ்நிலத்தில் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. லைட்டே 1794இல் மலேரியாவுக்குப் பலியானார். நோய்க்குக் காரணம் கொசு என்பது அன்று யாருக்கும் தெரியாது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று மருத்துவர்கள் நம்பினார்கள். அடிவாரத்தைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்த மலைக்காற்று அதற்கு மருந்தாகத் தோன்றியது. உடல் தேறிவரும் கம்பெனி ஊழியர்கள் தங்குவதற்கென்று மலையில் பங்களா எழுந்தது. ஆளுநருக்கென பெல் ரெட்டிரோ என்ற மாளிகை அமைந்தது.

அம்மாளிகையின் அருகே நடப்பட்ட கொடிமரமே மலைக்குப் பெயர் தந்தது. மலாய்க்காரர்களுக்கு அது புக்கிட் பெண்டேரா, தமிழர்களுக்குக் கொடிமலை. நீரிணையில் வரும் கப்பல் துறைமுகத்தின் கண்ணில் படுவதற்கு முன்பே மலையின் கண்ணில் பட்டுவிடும். அந்தச் செய்தி கொடியாக ஏறும். கீழே கார்ன்வாலிஸ் கோட்டையில் இருப்பவர்கள் அதைப் படித்துக்கொள்வார்கள். காட்சிமுனையாக ஆவதற்கு முன் இது காவல்முனை.

படம் எழுதுவோரின் பார்வை இதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீவின் காட்சிகளை ஓவியமாகத் தீட்டினார். அவற்றில் பத்தை வில்லியம் டேனியல் செதுக்கி, 1821இல் லண்டனில் அச்சாக்கினார். மலையிலிருந்து கடலைக் காணும் இன்பம் தீவுக்கு வெளியே பரவ இப்படங்களும் ஒரு காரணம்.

அந்த இன்பத்துக்குச் சுமைகூலி ஒன்று இருந்தது. குதிரையேற மாட்டாதவர்கள் டோலியில் போனார்கள். டோலி என்பது இரண்டு நீண்ட கழிகளுக்கிடையே கட்டிய நாற்காலி. வெயில் மறைக்க மேலே ஒரு கூரை. கழிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கால் வழுக்கும் ஈரப் பாதையில் ஆட்கள் முறை மாற்றிச் சுமந்தார்கள். விறகு, அரிசி, பெட்டி, மேசை எல்லாமே மனிதர் தலையிலும் தோளிலும்தான் மேலே போயின. சுமந்தவர்களிலும் காவல் இருந்த சிப்பாய்களிலும் இந்தியர் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் முருகனுக்கு எழுப்பிய சிறு வழிபாட்டிடமே இன்று மலைமேல் வண்ணக் கோபுரத்துடன் நிற்கும் அருளொளி திருமுருகன் கோயில்.

மலையேறும் வழியைப் போலவே மலைச்சரிவும் மாறிக்கொண்டிருந்தது. மிளகு, கிராம்பு, சாதிக்காய்த் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டது. மழை அடித்தால் மண் கரைந்து ஓடும். நகரத்துக்குக் குடிநீர் தந்ததோ அதே மலையின் ஓடைகள். இந்த ஆபத்தை எழுத்தில் வைத்தவர் பினாங்கில் வழக்கறிஞராக இருந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்தால் தீவின் தட்பவெப்பம் என்னவாகும் என்பதை ஆராயும் கட்டுரையை 1848இல் தாம் நடத்திய ஆய்விதழிலேயே அவர் வெளியிட்டார். காடு போனால் வெப்பம் கூடும், ஓடை வறளும் என்பது அவர் வாதம். 1860 வாக்கில் நோய் தாக்கிச் சாதிக்காய்த் தோட்டங்கள் சரிந்தன. 1884இல் வந்த தாவரவியலாளர் சார்லஸ் கர்டிஸ், அடிவாரத்தில் கைவிடப்பட்ட கருங்கல் குவாரி ஒன்றைத் தாவரவியல் பூங்காவாக்கினார். தீவின் காடுகளைக் காக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. பூங்காவை ஒட்டிய பகுதிதான் தமிழர் தண்ணீர்மலை என்று அழைப்பது. தைப்பூசத்தில் காவடிகள் அங்கே போய்ச் சேரும்.

நீராவி யுகம் வந்த பிறகும் மலையேற்றம் மனிதத் தோளையே நம்பியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலை ரயில் அமைக்கும் முயற்சி தொடங்கியது. பாதை போட்டு முடித்தும் வண்டி சரியாக ஓடவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாம் முயற்சியை மலாய் மாநில ரயில்வேயின் பொறியாளர் ஆர்னால்ட் ஜான்சன் ஏற்றார். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களைப் படித்தறிந்து அவர் வகுத்த பாதை 1923 அக்டோபரில் பயணிகளுக்குத் திறந்தது. 1924 ஜனவரி 1 அன்று ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லிமார்ட் அதை முறைப்படி தொடங்கிவைத்தார். செலவு 15 லட்சம் வெள்ளி.

இந்த ரயிலுக்கு இன்ஜின் கிடையாது. ஒரே உருளையில் இரண்டு வாளி தொங்கும் கிணற்றைப் போல, ஒரு கம்பிவடத்தின் இரு முனையிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும் எடை மற்றொன்றை ஏற்றும். மிச்ச வேலையை மட்டும் மின்மோட்டார் செய்யும். பாதி வழியில் ஒற்றைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் இரண்டும் விலகிக்கொள்ளும். மொத்தம் 2,007 மீட்டர் பாதை இரு பகுதிகளாக இருந்ததால், நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. மேல்பகுதியில் பாறையைக் குடைந்த 79 மீட்டர் சுரங்கம் வரும். வழியில் வயடக்ட், கிளேர்மான்ட், மோனியோ எனச் சிறு நிலையங்கள். பயணம் அரை மணி நேரம். டோலி வழக்கொழிந்தது. அதுவரை அதிகாரிகளும் செல்வர்களும் மட்டுமே கண்ட காட்சி, டிக்கெட் வாங்கக் காசுள்ள நகரவாசி எவருக்கும் கிட்டியது.

ரயில் வந்ததும் பங்களாக்கள் பெருகின. சீன வணிகர்களும் மலைவீடு கட்டினர். ரயிலுக்கு முன்பே, ஓட்டல் தொழில் நடத்திய சார்கீஸ் சகோதரர்களின் கையில் மலைமேல் கிராக் ஓட்டல் பெயர் பெற்றிருந்தது. பின்னர் 1950களிலிருந்து 1970கள் வரை அதே வளாகத்தில் அப்லண்ட்ஸ் பள்ளி நடந்தது. விடுதலைக்குப் பின் மலை வெள்ளையரின் ஓய்விடம் என்ற நிலை மாறி, பள்ளிக் குழந்தைகளும் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமையில் போய்வரும் இடமாயிற்று. 1977இல் பழைய மரப்பெட்டிகளுக்குப் பதில் புதிய பெட்டிகள் வந்தன.

மலையின் அடுத்த சோதனை 1990இல் வந்தது. உச்சியில் ஓட்டல்கள், கடைத்தொகுதி, கோல்ஃப் மைதானம் எனப் பெரிய உல்லாச நகரம் எழுப்பத் தனியார் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சகாபாட் ஆலாம் மலேசியா உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்து நின்றன. பயனீட்டாளர் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ் தென்னிந்தியாவில் பிறந்து சிறுவயதில் பினாங்கு வந்தவர். நீர்ப்பிடிப்புப் பகுதி கெடும், சரிவுகள் சரியும் என்று சொன்ன எதிர்ப்பாளர்களின் வாதம் லோகனின் வாதத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லை. பரவலான எதிர்ப்புக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது.

பழுதுகள் பெருகிய ரயில் 2010 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2011 ஏப்ரலில் புதிய தண்டவாளமும் நூறு பேர் ஏறும் பெட்டிகளும் வந்தன. நடுவில் மாறும் வேலை ஒழிந்து, அரை மணிப் பயணம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. ஆண்டுக்கு வருவோர் பத்து லட்சத்தைத் தாண்டினர். கூட்டம் மேடைகளில் நெரிய, காட்டுக்குள்ளும் பார்வையிடங்கள் தேவைப்பட்டன. மலைமேல் உள்ள தி ஹாபிட்டாட் என்ற இயற்கைப் பூங்காவில் மர உச்சிகளுக்கு மேலே வட்ட நடைமேடை ஒன்று உள்ளது; அதற்குக் கர்டிஸின் பெயர். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இலைதின்னிக் குரங்கும், மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கொலுகோவும் அங்கே காணக் கிடைக்கும்.

சரிவு எவ்வளவு நொய்ந்தது என்பதை 2017 நவம்பரில் பெய்த பெருமழை காட்டியது. தீவெங்கும் வெள்ளம்; மலையில் பல இடங்களில் மண் சரிந்தது. 2021 செப்டம்பரில் மலையும் அதை ஒட்டிய காடும் கடற்பகுதியுமாக 12,481 ஹெக்டேர் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இதற்கிடையே தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து உச்சிக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ரயில் பழுதானால் மாற்று வழி வேண்டும் என்று ஆதரிப்போரும், மலை தாங்கும் கூட்டத்துக்கு எல்லை வேண்டும் என்று எதிர்ப்போரும் வாதிட்டு வருகின்றனர். குதிரைப் பாதை, டோலி, மலை ரயில் என ஒவ்வொரு புதிய வழியும் மேலே போவோரின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறது. அவர்கள் தேடிவரும் குளிர்ச்சியைத் தருவதோ வழியல்ல, இரு மருங்கும் நிற்கும் காடு.