பழவேற்காட்டு மீனவ ஊர்களும் சமூக ஊடகங்களும்

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்த பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல். அதன் கரையூர்களில் வாட்ஸ்அப்பும் முகநூலும் செய்த பெரிய மாற்றம் ஊருக்குள் நிகழ்ந்ததல்ல. ஊரின் குரல் வெளியே எட்டும் தொலைவில் நிகழ்ந்தது. ஏரிக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது, ஏரியையே பார்த்திராத நகரத்து இளைஞர்களும் இணையத்தில் அதைக் கையிலெடுத்தார்கள். அத்திட்டத்துக்காக 2021 ஜனவரி 22க்கு அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5இல் நடக்கவிருந்ததும் நடக்கவில்லை. இவற்றுக்கு இணையப் பரப்புரையே காரணம் என்பது மிகை. ஆனால் கடலோர ஊர்களின் கவலை மாநிலத் தேர்தல் பேச்சாக மாறியதில் அதற்குப் பங்குண்டு.

துறைமுக எதிர்ப்பு சென்னைவாசிகளின் போராட்டமே, மீனவர்களுடையதல்ல என்ற வாதம் நிற்காது. கரை அரிப்பையும் முகத்துவாரம் தூர்வதையும் தொழிலில் உணர்ந்தவர்கள் மீனவர்கள். நகரம் அந்த அறிவைக் கடன் வாங்கியது. மறுபுறம், கைப்பேசி வந்ததால் ஊர்க்கட்டுப்பாடு குலையும் என்பதும் முழு உண்மையல்ல. யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கம், ஊர் கூடி எடுக்கும் முடிவில்தான் உயிர்வாழ்கிறது. அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மீனவர்களின் குறையோ, துறைமுக எதிர்ப்பைப் போல இணையத்தில் பரவவில்லை. வெளிப்பகைக்கு எதிராக ஒன்றுகூட்டும் ஊடகம், உள்ளூர் ஏற்றத்தாழ்வை எளிதில் மறைத்துவிடுகிறது.