அசல் வண்டியும் கைபட்ட வண்டியும்: சோழவரம் பந்தய நினைவு குறித்து

சென்னையின் கடற்கரைப் பகுதியான பட்டினப்பாக்கத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு முதல் எதிரி உப்புக்காற்று. வாங்கி இரண்டு மழை தாண்டுவதற்குள் மட்கார்டின் அடிப்பக்கம் பொரிந்துவிடும். ஸ்போக் கம்பிகள் பழுப்பேறிவிடும். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று நிற்கிறது. உரிமையாளர் தினமும் சாயங்காலம் எண்ணெய்த் துணியால் அதைத் துடைக்கிறார். டேங்கும் எஞ்சினும்தான் கம்பெனி கொடுத்தவை. அந்த எஞ்சினுக்குள்ளும் கைபட்டிருக்கிறது: ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவியிருக்கிறார்கள்; சிலிண்டரில் புகை வெளியேறும் வாயை அரத்தால் அகலப்படுத்தியிருக்கிறார்கள்; கார்புரேட்டர் ஜெட் வேறு. வண்டியைப் பற்றிக் கேட்டால் அவர் கம்பெனியின் பெயரைச் சொல்வதில்லை. வேலை செய்த மெக்கானிக்கின் பெயரைத்தான் சொல்கிறார்.

இந்தச் சின்ன விஷயத்திலிருந்து ஒரு வாதத்தைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பந்தய வாகனங்கள் மீதான ஏக்கம் உலகெங்கும் ஒரே மாதிரியானதல்ல. அமெரிக்கரின் ஏக்கம் தொழிற்சாலையை நோக்கியது. நம்முடையது பட்டறையை நோக்கியது. ஆனால் பழைய வாகனங்களை மதிப்பிட நாம் கையில் எடுத்திருக்கும் அளவுகோல் அவர்களுடைய ஏக்கத்துக்குத்தான் பொருந்தும்.

1960களின் அமெரிக்க மஸில் கார்களைப் பார்த்தால் இது விளங்கும். 1964இல் போன்டியாக் ஜிடிஓ வந்தது: நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சின். அதே ஆண்டு கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினோடு ரிச்சர்ட் பெட்டி டேடோனா 500 பந்தயத்தை வென்றார். பந்தயத்தில் ஓட வேண்டுமானால் அந்த வண்டியைப் பொதுமக்களுக்கும் விற்றிருக்க வேண்டும் என்பது நாஸ்கார் என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பின் விதி. 1969இல் அதற்கான எண்ணிக்கை 500. டாட்ஜ் சார்ஜர் டேடோனா பிறந்தது அப்படித்தான். கூர்மூக்கும், பின்னால் உயரமாக நிற்கும் இறக்கையும் கொண்ட அந்த வண்டியைச் சாதாரண ஆள் கடையில் பணம் கட்டி வாங்கி வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். ஞாயிறு பந்தயத்தில் ஜெயித்ததைத் திங்களன்று கடையில் விற்பதே அங்கே வணிக உத்தி. எனவே இன்றைய அமெரிக்கச் சேகரிப்பாளர் தேடுவது மாறாத வண்டியை. எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போனால் விலை பல மடங்கு ஏறும்.

சென்னையில் நடந்தது வேறு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. நகருக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதுதான் கிளப் பந்தயம் நடத்திய சோழவரம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கும்வரை தென்னிந்தியப் பந்தயத்தின் தலைவாசல் அதுவே. ஆனால் ஓட்டுவதற்கு வண்டி? இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, உற்பத்திக்கு லைசென்ஸ். சந்தையில் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே குடும்பத்தோடு கோயிலுக்குப் போகச் செய்தவை. பந்தயத்துக்கென்று எந்தக் கம்பெனியும் கார் செய்து தரவில்லை.

ஆகவே செய்தது பட்டறை. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரான ஹெரால்டு இதற்கு வசதியான வண்டி. பானெட் மட்டுமல்ல, முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். உடல் தனி, சேஸி தனி என்பதால் கழற்றி எடை குறைப்பதும் எளிது. பிறகு 1980களில் பெங்களூர் சிபானி நிறுவனத்தின் டால்ஃபின் வந்தது. ஃபைபர் உடம்பு, 848 சிசி எஞ்சின். குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். வாங்குபவர் குறையென்று தள்ளியதைப் பட்டறை பலமாக மாற்றியது. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் குடும்பத்துக் கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியை வடிவமைத்ததும் இந்த மரபின் நீட்சிதான். மளிகை வாங்கப் போகிற வண்டியின் எஞ்சின், பந்தய வண்டியின் முதுகில்!

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் விற்ற ராஜ்தூத் 350, அதாவது யமஹா ஆர்டி 350, கடையிலேயே கிடைத்த மஸில் வண்டி அல்லவா? அல்ல என்பேன். ஜப்பானில் ஏறத்தாழ 39 குதிரைத்திறன் கொண்டிருந்த அந்த எஞ்சினை இங்கே எரிபொருள் சிக்கனம் கருதி 30.5 ஆகக் குறைத்தார்கள். பின்னர் வந்த வகையில் அது 27தான். தொழிற்சாலை குறைத்ததைப் பட்டறை மீட்டது. அமெரிக்கக் கதையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டது போன்ற நிலை இது. டிவிஎஸ் 1982இல் தொடங்கிய பந்தயப் பிரிவு மட்டுமே உண்மையான விதிவிலக்கு. அதை மறுப்பதற்கில்லை.

சோழவர நினைவுகளில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. பந்தய இதழ்களும் பெரியவர்களின் பேச்சும் ஓட்டியவர்களையே சொல்கின்றன: சமஸ்தானத்து வாரிசுகள், கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளைகள், என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டிய விஜய் மல்லையா. அவர் காரில் வந்தது காசு. மற்ற வண்டிகளில் ஓடியது வேலை. அந்த வேலையைச் செய்தவர்கள் புதுப்பேட்டைச் சந்துகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் உதிரிபாகம் பொறுக்கியவர்கள். கோப்பையில் அவர்கள் பெயர் பொறிக்கப்படவில்லை.

இனி அளவுகோலுக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நிபந்தனை: வாகனம் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. அரண்மனைக் கொட்டகையில் தூங்கிய ரோல்ஸ் ராய்ஸுக்கு இது பொருந்தும். சோழவரத்தில் ஓடிய ஹெரால்டுக்குப் பொருந்தாது. அதை மூல வடிவுக்குத் திருப்பினால் விதிப்படி அது பாரம்பரியச் சின்னமாகும். ஆனால் அதன் வரலாறு அந்தக் கணத்தில் அழியும். சிற்பியின் உளித் தடத்தைத் தேய்த்துவிட்டுக் கல் சுத்தமாயிற்று என்பதைப் போன்றது இது.

சாலையில் ஓடும் வாகனங்களை மாற்றக்கூடாது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் உறுதிசெய்தது. புத்தாண்டு இரவில் காமராசர் சாலையைத் தடுப்பு போட்டு அடைக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. பட்டினப்பாக்கத்து லூப் ரோடில் நள்ளிரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் பையன்கள் சோழவரத்தின் வாரிசுகள் என்று யாராவது உருகினால் அதை ஏற்க மாட்டேன். பாதி ராத்திரியில் தூக்கிவாரிப்போட்டு எழுந்தவன் சொல்கிறேன். சோழவரத்தில் வேகத்துக்கு ஓர் இடமும் நேரமும் இருந்தன.

நான் கேட்பது சாலை உரிமை அல்ல, பதிவு உரிமை. பந்தயத்துக்காக மாற்றப்பட்டது என்று நிறுவக்கூடிய பழைய வண்டிகளுக்கு, காட்சிக்கும் தடத்துக்கும் மட்டும் என்ற வரம்போடு, 2021 விதிகளில் தனி வகை ஒன்று வேண்டும். அந்த வகைக்கான சான்று பதிவுப் புத்தகத்தில் கிடைக்காது. ஹெட்டை எவ்வளவு சீவினார்கள், எந்த எண் ஜெட் போட்டார்கள் என்று கிரீஸ் படிந்த நோட்டில் குறித்திருந்தால் உண்டு. இல்லையென்றால் அது மெக்கானிக்கின் நினைவில் மட்டுமே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இருபது வயதில் ஸ்பானர் பிடித்தவருக்கு இன்று எழுபது தாண்டியிருக்கும். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரமே அவரிடம் போய் உட்காருங்கள், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.